தைலவண்ணத்தில் தோள்சீலை: ரவிவர்மாவின் சீமாட்டிகளைப் படித்தல்

1

ரவிவர்மாவின் பெண்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ‘என்ன களை, என்ன லட்சணம், சேலை மடிப்பைக்கூடத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கு’ என்பது ஒரு குரல். ‘அதெல்லாம் காலண்டர் படம், வெள்ளைக்காரனிடம் வாங்கிய கடன்’ என்று உதட்டைப் பிதுக்குவது இன்னொன்று. இந்த இரண்டாவது குரலுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1906-இல் ரவிவர்மா இறந்த காலத்தை ஒட்டியே சகோதரி நிவேதிதா, ஆனந்த குமாரசாமி போன்றோர் அவருடைய ஓவியங்களில் இந்தியத் தன்மை இல்லை, நாடகத்தனம்தான் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பிறகு வந்த நவீன ஓவியர்களுக்கும் அவர் ஒரு கேலிப்பொருள். நம்முடைய இடதுசாரி நண்பர்கள் ‘நிலப்பிரபுத்துவ ரசனை’ என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள்.

ரசிக்கிறவர்களும் திட்டுகிறவர்களும் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: பாணியை. மேற்கத்தியதா, சுதேசியதா, உயர்கலையா, வெகுசனக் கலையா என்பதே கேள்வி. படத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளில் ஒரு துணி கிடக்கிறதே, அது என்ன துணி, யார் போடலாம், யார் போடக்கூடாது என்று இருவருமே கேட்பதில்லை. தென்திருவிதாங்கூர் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்த எவருக்கும் இந்தக் கேள்வி எழாமல் போகாது. நாகர்கோவில், இரணியல், கல்குளம் என்ற பெயர்களெல்லாம் அந்தத் துணியோடு சம்பந்தப்பட்டவை. இந்தப் பகுதிகள் 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதுவரை ரவிவர்மாவுக்கும் இவற்றுக்கும் ராஜ்ஜியம் ஒன்றே.

கலை வரலாற்றில் ‘காலனியகாலச் செல்வந்தப் பெண்களின் உருவப்படங்கள்’ என்று ஒரு வகைமை இருக்கிறது. இந்தத் தலைப்பிலுள்ள ‘செல்வம்’ என்ற சொல்லை நான் சந்தேகிக்கிறேன். பணம் வைத்திருப்பவள் படம் எழுதிக்கொண்டாள் என்று அது விஷயத்தை எளிதாக்கிவிடுகிறது. திருவிதாங்கூரைப் பொறுத்தவரை பணம் இரண்டாம்பட்சம். அங்கே தைலவண்ணத்தில் எழுதப்பட்டது ஓர் உரிமை. பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அரசாணை போட்டு மறுக்கப்பட்ட உரிமை.

2

ஜான் பெர்ஜர் 1972-இல் வெளியான தம் புத்தகத்தில் ஐரோப்பியத் தைலவண்ண ஓவியத்தைப் பற்றி ஒரு வாதத்தை வைத்தார். பட்டு, கம்பளி, உலோகம், பழம், சருமம் என்று பொருள்களின் தொடுவுணர்வைத் துல்லியமாகக் கொண்டுவருவது தைலவண்ணத்தின் தனிச்சிறப்பு. அந்தச் சிறப்பு உடைமை வர்க்கத்துக்குத் தோதாக அமைந்தது. வாங்கக்கூடிய பொருள்களையெல்லாம் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள அது உதவியது. இந்த வாதம் நம்மூர்ச் சிற்றிதழ்களில் நிறையவே அடிபட்டிருக்கிறது. ரவிவர்மாவுக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம், பாதிதான் பொருந்தும்.

காரணம் இதுதான். பெர்ஜரின் ஐரோப்பாவில் பட்டு என்பது சரக்கு. துட்டு இருந்தால் வாங்கலாம், உடுத்தலாம், படமும் எழுதிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கருப்பட்டி வியாபாரத்தில் நாலு காசு பார்த்த ஒரு நாடார் குடும்பத்துப் பெண் நல்ல துணியாக வாங்கிவிடலாம். தோளில் போட முடியாது. அன்றைய ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்ட அந்தச் சாதியினர் தங்க நகை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடாது என்றெல்லாம் தடைகள் இருந்தன. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் பெண்களின் நிலை இதைவிட மோசம். பொருளை வாங்குவது வேறு, உடம்பில் ஏற்றுவது வேறு. நடுவே சாதி நிற்கிறது. சந்தை அதைத் தாண்டிப் போகமுடியவில்லை.

மதம் மாறிய பெண்கள் சீர்திருத்தக் கிறித்தவப் பாதிரிமாரின் ஆதரவோடு குப்பாயம் என்ற ரவிக்கையைப் போட ஆரம்பித்தார்கள். போகப்போக மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் இட்டார்கள். 1822 முதலே கல்குளம், இரணியல் வட்டாரத்தில் அடிதடி. சந்தைக்குப் போன பெண்களின் மேல்துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ஓர் அரசாணை வந்தது: கிறித்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் கௌரி பார்வதி பாய். ஒரு பெண்ணின் ஆட்சியில், பெண்களின் தோளைப் பற்றி ஆணை வருகிறது! இந்த இடத்தைப் பெண்ணியத் தோழர்கள் நிதானமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

1858-59-இல் கலகம் மறுபடியும் வெடித்தது. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கினார். கடைசியில் 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணையிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். நிர்வாணம் இங்கே பிரச்சினையே இல்லை. மறைத்துக்கொள், ஆனால் வித்தியாசம் தெரிகிற மாதிரி மறைத்துக்கொள் என்கிறது ஆணை. துணி ஒரு குறி. அந்தக் குறியை மற்றவள் எடுத்துக்கொண்டுவிட்டால் மேல்சாதி உடல் எதை வைத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும்?

அந்த ஆணை வந்தபோது கிளிமானூர் அரண்மனையில் ரவிவர்மாவுக்கு வயது பதினொன்று.

3

1848-இல் பிறந்த ரவிவர்மா திருவிதாங்கூர் ராணிகளுக்குக் கணவன்மாரைத் தரும் கோயில்தம்புரான் வகுப்பைச் சேர்ந்தவர். அரண்மனைக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்த கலைஞர் அல்ல. 1866-இல் அவர் மாவேலிக்கரைக் குடும்பத்தில் பாகீரதி பாயை மணந்தார். பாகீரதியின் உடன்பிறந்த லட்சுமி பாய் 1857-இலேயே திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப் போய், ஆற்றிங்கல் மூத்த ராணி ஆகியிருந்தார். ரவிவர்மா எழுதிய ராணி லட்சுமி பாயின் உருவப்படம், ஒருவகையில், மனைவி வீட்டு உறவினரின் படமும்தான்.

தைலவண்ணம் அவருக்குக் கிடைத்த கதை சுவாரசியமானது. அரசவை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர். அவருக்கு இந்த வித்தை தெரியும்; சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரத்துக்கு வந்து மகாராஜாவைப் படமெழுதினார். அவரும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். மேதை தானே கற்றுக்கொண்டான் என்ற பெருங்கதையாடலுக்கு நடுவில் ஆறுமுகம் பிள்ளை ஒரு வரியாக வந்து போய்விடுகிறார். ராணிகளின் தோளில் பளபளக்கும் துணிக்கு அடியில் ஒரு கைவினைஞனின் கள்ளத்தனமான இரவுப் பாடமும் இருக்கிறது.

இனி அந்த ராணி. மருமக்கத்தாய முறையில் அரசுரிமை சகோதரியின் மகனுக்குப் போகும். எனவே ஆற்றிங்கல் ராணியின் கர்ப்பப்பைதான் ராஜ்ஜியத்தின் சாசனம். வாரிசு இல்லையென்றால் பெண்களைத் தத்தெடுப்பார்கள். 1857-இல் அப்படித்தான் லட்சுமி பாய் வந்தார். 1900-இல் ரவிவர்மாவின் பேத்திகள் இருவர் தத்துப் போனதும் அப்படித்தான். ஐரோப்பியச் சீமாட்டியின் படத்தில் கணவனுடைய செல்வம் அவள்மேல் தொங்குகிறது என்றால், இங்கே ராணியின் கணவன் வெறும் பிரஜை. லட்சுமி பாயின் கணவர், பெரிய கவிஞரான கேரளவர்மா வலியகோயித் தம்புரானை 1875-இல் மகாராஜா ஆயில்யம் திருநாள் சிறையில் போட்டார். 1880-இல் அந்த மகாராஜா இறந்த பிறகே அவருக்கு விடுதலை. ராணி கணவனைக் கைவிட மறுத்தார். அதே ராணிக்கு விக்டோரியா மகாராணியிடமிருந்து ‘இந்திய மகுட’ விருதும் கிடைத்தது. கணவனுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த பத்தினி என்ற விக்டோரிய ஒழுக்கப் பிம்பமும், ராஜ்ஜியத்தின் தாய்வழி என்ற பழைய பிம்பமும் ஒரே உடம்பில் மோதுகின்றன. ரவிவர்மாவின் தூரிகை இந்த மோதலைச் சமாதானம் பண்ணி வைக்கிறது. ஆடை நலுங்காத, முகத்தில் சலனமில்லாத கண்ணியம்! உருவப்படத்தின் வேலையே அதுதான்.

4

ரவிவர்மாவின் பெண்களை நான் இரண்டு பட்டியலாகப் பிரித்துப் பார்க்கிறேன். பெயர் உள்ளவர்கள், பெயர் இல்லாதவர்கள். ராணிகளும் சீமாட்டிகளும் முதல் பட்டியல். இரண்டாவது பட்டியலில் பெயருக்குப் பதிலாகச் சாதியோ பிரதேசமோ இருக்கும். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்று, வியன்னாவிலும் பரிசு வாங்கிய படம் ‘கூந்தல் அலங்கரிக்கும் நாயர் பெண்’. மறுவருஷம் சென்னையில் பதக்கம் பெற்றது ‘ஸ்வரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண்’. இந்தத் தமிழ்ப் பெண்ணின் படத்தை 1875-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு மகாராஜா அன்பளிப்பாகக் கொடுத்தார். நாயர் பெண் யார்? தமிழ்ப் பெண் யார்? யாராக இருந்தால் என்ன, வகைமாதிரிதானே முக்கியம். 1889-இல் எழுதிய ‘இசைக்கலைஞர் குழாம்’ படத்தில் பதினொரு பெண்கள், வேறுவேறு பிரதேச உடையில், ஒரே கூடத்தில். தேசம் என்ற ஒன்றைப் பெண்களின் உடையலங்கார அட்டவணையாக அந்தப் படம் அடுக்கி வைக்கிறது.

பெயருள்ளவர்களை ஓவியம் தனிமனிதர்களாக ஆக்கியது, பெயரற்றவர்களை மாதிரிகளாக ஆக்கியது என்று இங்கேயே நிறுத்திவிடலாம். வரலாறு அப்படி நிற்கவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மா பத்து ஓவியங்களை அனுப்பினார். பரிசு கிடைத்தது. பரிசுக்கான குறிப்பில் என்ன சொல்லிப் பாராட்டினார்கள் என்பதுதான் விசேஷம். உயர்சாதிப் பெண்களின் முகங்கள் பல்வேறு இனவகைகளைக் காட்டுகின்றன, உடைகளும் புழங்குபொருள்களும் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கின்றன, ஆகவே இவை இனவியல் மதிப்புள்ளவை என்பதே பாராட்டின் சாரம். பார்த்தீர்களா! உள்ளூரில் சாதி மேன்மையின் உச்சியில் உட்கார வைக்கப்பட்ட பெண், கடல் தாண்டியதும் ஆராய்ச்சிக்குரிய ‘நேட்டிவ்’ ஆகிவிடுகிறாள். காலனியப் பார்வைக்கு முன்னால் சீமாட்டியும் ஒரு மாதிரிதான்.

ஆனால் எல்லா மாதிரிகளும் ஒன்றல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளந்து, புகைப்படம் எடுத்து, ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அந்தத் தொகுதிகளில் நிற்கும் ஒடுக்கப்பட்ட சாதி ஆணும் பெண்ணும் கேமராவின் முன் நிறுத்தப்பட்டவர்கள். எப்படி நிற்கவேண்டும், என்ன உடுத்தவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ரவிவர்மாவின் சீமாட்டி தானே வந்து உட்கார்ந்தவள். என்ன நகை, என்ன துணி என்று அவளோ அவள் வீட்டாரோ முடிவு செய்தார்கள். ஓவியன் காத்திருந்தான். ஒரே காலம், ஒரே மாகாணத்துப் பக்கம், இரண்டு பார்த்தல்கள். ஒன்றைக் கலை வரலாற்றிலும் மற்றதை மானிடவியலிலும் பிரித்து வைத்திருப்பதால் நமக்கு இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

5

சிகாகோவுக்குப் போன பத்துப் படங்களில் ஒன்று ‘அதோ அப்பா வருகிறார்’. 1893-இல் எழுதியது. மாதிரியாக நின்றது ரவிவர்மாவின் மகள் மகாபிரபா. இடுப்பில் அவருடைய ஆண்குழந்தை. காலடியில் ஒரு நாய். அவள் சட்டகத்துக்கு வெளியே எதையோ குழந்தைக்குக் காட்டுகிறாள். அப்பா படத்தில் இல்லை; எல்லாருடைய கவனமும் அவன்மேல்தான். பெயருள்ள பெண்தான், ஆனாலும் தலைப்பில் அவள் பெயர் இல்லை. வராத ஆணின் பெயரால் அந்தப் படம் அழைக்கப்படுகிறது.

ஜி. அருணிமா இந்த ஓவியத்தை மருமக்கத்தாயத்தின் சரிவோடு சேர்த்துப் படித்திருக்கிறார். மலபாரின் தாய்வழி மாற்றங்கள் குறித்த அவருடைய நூலுக்கே (2003) இந்தப் படத்தின் பெயர்தான். தரவாட்டில் அப்பா ஒரு விருந்தாளி. வீடும் நிலமும் தாய்வழிக்குரியவை, நிர்வாகம் காரணவர் கையில். அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் நின்று அம்மாவும் பிள்ளையும் அப்பாவுக்காகக் காத்திருப்பது புது விஷயம். 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. படம் சட்டத்துக்கு மூன்று வருஷம் முந்தி வந்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் சேர்த்தால்தான் இந்த வாசிப்பு முழுமையாகும். மகாபிரபாவின் மகள்தான் 1900-இல் தத்துப்போன சேது லட்சுமி பாய். 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ரீஜண்ட் மகாராணி. 1925-இல் அவருடைய ஆட்சியில்தான் நாயர்களின் கூட்டுத் தரவாட்டைப் பாகம் பிரிக்கவும் அப்பா சொத்து பிள்ளைக்குப் போகவும் வழிசெய்த ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தாய்வழியாக அரியணைக்கு வந்த ஒரு பெண், தன் பிரஜைகளின் தாய்வழியை முடித்துவைக்கிறார். அம்மா ஓவியத்தில் விரல் நீட்டிக் காட்டிய ஆள், மகளின் கையெழுத்தோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காரணவரின் கொடுமையிலிருந்து பெண்களுக்கு இதனால் விடுதலை கிடைத்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் காரணவர் போன இடத்துக்குக் கணவர் வந்தார்; பெண் வரவில்லை.

ஆகவே ரவிவர்மாவின் சீமாட்டியை வெறும் ஒடுக்குகிறவளாக மட்டும் பார்த்துவிட முடியாது. தோளில் கிடக்கும் துணியால் அவள் கீழே இருக்கிற பெண்ணை விலக்கி வைக்கிறாள். அதே சமயம் அவளுடைய நிலம், வம்சம், பெயர் எல்லாம் அவளைச் சுற்றியிருக்கும் ஆண்களால் இடம் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் உண்மை. ‘எல்லாப் பெண்ணும் ஒடுக்கப்பட்டவளே’ என்ற சமன்பாட்டில் முதல் உண்மை காணாமல் போகிறது. ‘மேல்சாதிப் பெண் மேல்சாதிதானே’ என்று கைகழுவும்போது இரண்டாவது காணாமல் போகிறது. நம் விவாதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் பேசுகிறவரின் சாதியைப் பொறுத்து.

6

1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கத்து மளவ்லிக்குப் போனது. கடைசியில் ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியது. கல்லச்சில் வந்த லட்சுமியும் சரஸ்வதியும் நாடு முழுக்கப் பரவின. இந்த யோசனையை 1884-லேயே ரவிவர்மாவின் காதில் போட்டவர் சர் டி. மாதவராவ். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சடிக்கலாம் என்று கடிதம் எழுதினார். 1881-இல் ரவிவர்மாவைப் பரோடாவுக்குக் கூப்பிட்டு அரச குடும்பத்துப் படங்களை எழுதவைத்தவரும் அங்கே திவானாக இருந்த இதே மாதவராவ்தான். கும்பகோணத்துக்காரர். அதற்கு முன்னால், 1858-59-இல் தோள்சீலைக் கலகம் நடந்தபோது, திருவிதாங்கூரின் திவானாக இருந்தவரும் அவர்தான்! ஒருபக்கம் பெண்கள் எதைப் போடக்கூடாது என்று ஆணைகள் போட்ட நிர்வாகம். மறுபக்கம் பெண்ணுடலை ஆடை அணிகளோடு அச்சடித்துப் பரப்பும் யோசனை. இரண்டின் பக்கத்திலும் ஒரே ஆள் நிற்பதைத் தற்செயல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அச்சான லட்சுமியைப் பாருங்கள். பட்டுச் சேலை, ரவிக்கை, தலை முதல் கால் வரை நகை, சிவந்த மேனி. ஒரு சீமாட்டியைத் தாமரைமேல் ஏற்றி, கூட இரண்டு கையை ஒட்டவைத்தால் எப்படியோ அப்படி. உருவப்படக் கலையில் பழகிய கை தெய்வத்துக்கும் அதே உடம்பைக் கொடுத்துவிட்டது. இதோடு ‘பார்ப்பனிய அழகியல் நம் வீட்டுக்குள் நுழைந்தது’ என்று முடித்துவிடலாம். நம் பத்திரிகைகளில் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதி பிரகடனத்துக்குப் பிறகு. அச்சுப்படங்கள் அதற்கு நாற்பது வருஷம் முந்தியே சந்தைக்கு வந்துவிட்டன. கருவறைக்கு வெளியே ரோட்டில்கூட நிற்கக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள், சாமியைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். பூசாரி இல்லை, தீட்டு இல்லை. தோள்சீலை விஷயத்திலும் இதே தர்க்கம்தான். மேல்சாதிக்காரியின் உடையை அவர்கள் ‘நகல்’ செய்ததாகச் சொல்வது மேலிருந்து பார்க்கிற பார்வை. உனக்கு மட்டும் என்று எழுதி வைத்திருந்த குறியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கீழிருந்து சொல்லலாம். குறி பொதுவானதும் அதன் அதிகாரம் போயிற்று. 1859 ஆணையின் கடைசி நிபந்தனையைச் சட்டம் போட்டு யாரும் நீக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், உடுத்திக்கொண்டவர்களே அதைக் கிழித்துப்போட்டுவிட்டார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. துணி எல்லாருக்கும் வந்தது, அந்த மேனி நிறம் வரவில்லை. தெய்வம் சிவப்பு, சீமாட்டி சிவப்பு என்றால் கறுத்த பெண்ணுக்கு அழகு எங்கிருந்து வரும்? நம் பெண்பார்க்கும் படலங்களில் ‘மகாலட்சுமி மாதிரி இருக்கா’ என்ற பாராட்டு எந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆணையால் செய்யமுடியாததை அழகியல் சத்தம் போடாமல் செய்து முடித்துவிட்டது. சாதி வித்தியாசத்தைத் துணியிலிருந்து எடுத்துத் தோலில் வைத்துவிட்டது.

7

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக நம் காலத்து விஷயங்கள் சில. 2008-இல் சென்னையில் ஒரு பட்டுச்சேலை விற்பனைக்கு வந்தது. ரவிவர்மாவின் பதினொரு ஓவியங்கள் அதில் நெய்யப்பட்டிருந்தன. முந்தானையில் அந்த ‘இசைக்கலைஞர் குழாம்’. விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். சாதனைப் புத்தகத்திலும் ஏறியது. துணியிலிருந்து தைலவண்ணத்துக்குப் போனது மறுபடி துணிக்கே திரும்பிவிட்டது. செய்திகளில் ஓவியரின் பெயர் வந்தது, கடையின் பெயர் வந்தது. தறியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாக வந்தார்கள். ஆறுமுகம் பிள்ளைக்கு ஒரு வரியாவது கிடைத்தது. 2020-இல் நடிகைகளை ரவிவர்மாவின் படங்களைப் போல நிறுத்தி எடுத்த நாள்காட்டியும் வந்தது. வியாபாரம், ஏக்கம், அறக்கொடை எல்லாவற்றுக்கும் அந்தத் தோள் உபயோகப்படுகிறது.

அரசாங்கத்தின் கதை இன்னும் தெளிவு. 1979-இல் ரவிவர்மாவின் ஓவியங்கள் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது. நல்லது, பாதுகாக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் உடைகளின் சமூக வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் சாதி மோதலும் உடை மாற்றமும் என்ற பகுதி தோள்சீலைப் போராட்டத்தைப் பேசியது. 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019-இல் அத்தியாயமே பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம். படத்தில் இருக்கும் தோள்சீலை தேசியச் செல்வம். பிடித்து இழுக்கப்பட்ட தோள்சீலை பாடச்சுமை.

நான் ஓவியங்களைக் கிழிக்கச் சொல்லவில்லை. பார்க்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவை நன்றாக எழுதப்பட்ட ஓவியங்கள். துணியின் கனத்தையும் ஒளியையும் அந்தக் கை அறிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவ்வளவு நன்றாக எழுதப்பட்டதால்தான் அவற்றை வைத்து இவ்வளவும் படிக்க முடிகிறது. திருவனந்தபுரத்திலும் மற்ற இடங்களிலும் இவை தொங்குகின்றன. படத்துக்குக் கீழே பெயர், வருஷம், தைலவண்ணம் என்ற மூன்று தகவல்கள் இருக்கும். நாலாவதாக 1829, 1859 ஆணைகளின் வாசகங்களைப் பக்கத்தில் மாட்டச் சொல்லி நாம் கேட்கவேண்டும். அருங்காட்சியகம் செய்யாவிட்டால் நம் பத்திரிகைகள் அச்சடித்து வாசலில் கொடுக்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம்தான். அந்தத் துண்டறிக்கைக்கு என்னால் முடிந்த அளவு மொழிபெயர்த்துத் தருகிறேன். ஆர்வமுள்ள நண்பர்கள் இதழின் முகவரிக்கு எழுதவும்.